முப்பத்தோராவது செகண்டில் ஒரு முகம்

இது இப்படித்தான் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். முனிரத்தினம் பாவாவின் மூச்சு நின்றால் அது பஸ் புறப்படுகிற நேரமாகப் பார்த்துத்தான் நிற்கும், ஒரு நிமிஷம் முன்னேயும் இருக்காது, பின்னேயும் இருக்காது என்று பல பேர் எதிரில் சொல்லியிருக்கிறேன். போன வியாழக்கிழமை காலை ஆர்.கே.பேட்டையிலிருந்து வரும் முதல் வண்டி என் லாட்ஜு வாசலில் வந்து நின்றது. அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. டிரைவர் நாதமுனி ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணன் போய்ட்டாருங்க. கண்டிகையில, அவரு ஊட்டு ஸ்டாப்பிங்ல சொன்னாங்க. உங்களுக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வண்டிய நிறுத்தினேன். ரெண்டு நிமிஷம் லேட்டு. அவரு இருந்தா என்னை உரிச்சிருப்பாரு."

உயிர் பிரிந்தது சரியாக ஐந்தே முக்காலுக்கு. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு முதல் வண்டி கிளம்புகிற நேரம் அது. அந்த நேரத்தில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை என்று என் மனைவி சரோஜா சொல்கிறாள். நான் ஐந்தே முக்கால் என்றுதான் எழுதுவேன்.

பஸ் ஸ்டாண்டு தோழர்கள் பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்கு எழுத என்னைத்தான் கேட்டார்கள். கேட்காமல் எப்படி? எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். மற்றவர்களைவிட ஒரு வருஷம் கூடுதல் படிப்பு.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு இருபத்தாறு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் முனிரத்தினம். வந்த வண்டியை நோட்டில் எழுதி, நேரம் வந்ததும் விசில் ஊதி அனுப்புவது அவர் வேலை. கையில் ஒரு வாட்ச், கழுத்தில் ஒரு விசில். இந்த இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்தது வியாழக்கிழமைதான். என் மனைவிக்கு அவர் மூத்த அண்ணன். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மாப்ள என்பார்.

அறுபதுகளில் நடந்த என் கல்யாணத்தில்தான் அந்த 'மாப்ள'வை முதலில் கேட்டேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் நான் கொஞ்சம் கூடுதலாகவே ஊர்வலம் போய்விட்டேன். பந்தல் வாசலில் பாவா வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்ள, முகூர்த்தமும் பஸ்ஸும் ஒண்ணுதான். உனக்காக நிக்காது" என்றார். என் மாமனார் நடுங்கிவிட்டார். நான் சிரித்தேன். பாவா சிரிக்கவில்லை.

ஒரு கிருத்திகையன்று பெரிய நிலக்காரர் ஒருவர், தன் வீட்டுப் பெண்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள் என்று வந்து நின்றார். கம்பெனி முதலாளிக்கே வேண்டிய மனிதர். பாவா எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கையோடு விசிலை எடுத்து ஊதினார். "மலை மேல இருக்கற சாமிக்கே பூஜைக்கு நேரம் இருக்குதுங்க. நமக்கு இல்லியா?" என்றார். வண்டி போய்விட்டது. அந்த விசில் அரக்கோணம் வரைக்கும் கேட்டது என்று சொல்வார்கள். சொன்னவன் நான்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகன், செல்வம். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். குழந்தையாக இருந்தபோது மலைப்படியில் விழுந்து புருவத்தில் வெட்டுக்காயம் பட்டது. தழும்பு நின்றுவிட்டது. பத்தாவது தவறிய பிறகு பஸ் ஸ்டாண்டிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார். பையனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் அவன் வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான். பிரயாணிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவா வாட்சைக் காட்டி, "நேரத்துக்கு வராதவன் என் வீட்டுக்கும் வர வேணாம்" என்றார்.

கோபத்தில் எல்லாத் தகப்பனும் சொல்கிற வார்த்தைதான். என் அப்பா என்னிடம் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார், நான் சோற்று நேரத்துக்குச் சரியாக வீட்டில் இருப்பேன். செல்வம் அப்படி இல்லை. அப்பன் பிள்ளை. சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டான். அன்று மாலை அவன் வீடு திரும்பவில்லை. அடுத்த நாளும் திரும்பவில்லை.

பாவா போலீசுக்குப் போனார், அரக்கோணம் ஜங்ஷனுக்குப் போனார், மதராசுக்கும் போனார். பிறகு போவதை நிறுத்திவிட்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் அவர் வாயில் செல்வம் என்ற பெயரே வரவில்லை.

இந்த இடத்தில்தான் டெலிவிஷன் வருகிறது.

எண்பதுகளின் நடுவில் என் லாட்ஜு ஹாலில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கி வைத்தேன். லாட்ஜு பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. கோயிலுக்கு மொட்டை போட வருகிறவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தியில் ஒரு போலீஸ் தொடர் வரும். அதற்கு ஆயிரம் பேர் கூடுவார்கள். ஹாலில் நாற்பது பேர்தான் உட்கார முடியும் என்று சொல்கிறவர்கள் ஜன்னலில் தொங்கியவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு இந்தி தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நான் கெடுக்கவில்லை. ஹாலில் நின்று கதை சொல்வேன். இன்ஸ்பெக்டருக்கும் அந்தப் பெண்ணுக்கும் சொத்துத் தகராறு என்று ஐந்து வாரம் சொல்லிவந்தேன். அவர்கள் அண்ணன் தங்கை என்று ஆறாவது வாரம் டி.வி. மெக்கானிக் பாஷா பாய் சொன்னார். அதனால் என்ன, அண்ணன் தங்கைக்குள் சொத்துத் தகராறு வரக் கூடாதா?

உண்மையைச் சொன்னால் கதைக்காக யாரும் வரவில்லை. கதை தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் வந்தது ஆரம்பத்துக்கு. பெயர் போடுவதற்கு முன்னால் ஒரு முக்கால் நிமிஷம் காட்டுவார்களே, அதற்கு. அதில் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. இந்தி தெரியாத நாட்டுக்கென்றே செய்தது போல இருக்கும். முதலில் திரை வெறும் கறுப்பு. பெட்டி கெட்டுவிட்டது என்று பாஷா பாய் எழுந்து அதன் தலையில் தட்டப் போவார். அப்போது அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு விசில். பேசிக்கொண்டிருந்த வாயெல்லாம் மூடிக்கொள்ளும். பிறகு ஈரத் தெருவில் ஓடுகிற பூட்ஸ் கால்கள், ஆள் யார் என்று காட்ட மாட்டார்கள். ஒரு ஜீப்பின் சக்கரம். பிறகு பம்பாயின் பெரிய ரயில் நிலையம். ஜனம் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. அத்தனை முதுகில் ஒருவன் மட்டும் சட்டென்று திரும்பி நம்மையே பார்க்கிறான். என்ன ஏது என்று நினைப்பதற்குள் ஒரு கை கதவைத் தட்டுகிறது. கதவு திறக்கப் போகிறது. அதற்குள் பெயர் வந்துவிடும். திரும்பிப் பார்த்தவன் கதையில் எந்த வாரமும் வந்ததில்லை.

அந்த விசிலால்தான் வந்தது வினை. ஒரு ஞாயிறு பெட்டியின் சத்தத்தை முழுக்கத் திருகி வைத்திருந்தேன். விசில் வாசலைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டுக்குள் போய்விட்டது. பத்தேகாலுக்குப் புறப்பட வேண்டிய பொதட்டூர்பேட்டை வண்டி பத்து மணிக்கே கிளம்பிவிட்டது. டிரைவர் மேல் தப்பில்லை. விசில் கேட்டால் கியரைப் போடுகிற கை அது. டீக்கடையில் இருந்த பிரயாணிகள் டம்ளரோடு பின்னால் ஓடினார்கள். கண்டக்டரும் ஓடினார்.

பாவா என் ஹாலுக்குள் நுழைந்தார். அந்த வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா மாப்ள, உம்மேல கேஸ் குடுக்கட்டுமா? இருபது வருஷத்துல ஒரு வண்டி முன்னாடி போனதில்ல. உன் சினிமாக் கொட்டாயால இன்னிக்குப் போயிருக்குது. எடுத்துப் போட்டு உடைச்சிருவேன் இத!"

நாற்பது பேர், இல்லை ஆயிரம் பேர் எதிரில். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குழந்தை சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"பாவா, சண்டையை அப்புறம் வெச்சிக்கலாம். நம்ம செல்வம் இதுல வரான்."

அவர் நின்றுவிட்டார்.

"இப்ப வந்துட்டுப் போனான். பம்பாய் டேஷன்ல. திரும்பிப் பார்த்தான் பாவா."

"தெரியுமா உனக்கு? நல்லாப் பார்த்தியா?"

"புருவத்துத் தழும்பு வரைக்கும் தெரிஞ்சிது."

பாஷா பாய் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து, "ஏங்க, படமே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது, இதுல எங்கங்க தழும்பு?" என்றார். "உனக்கு ஒயரு தெரியும், எனக்கு எங்க வீட்டுப் புள்ளைய தெரியும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். பாவா பெஞ்சில் உட்கார்ந்தார். திரையில் இன்ஸ்பெக்டர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பாவா அவர் முகத்தில் செல்வத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு முதல் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். ஆரம்பம் முடிந்ததும் எழுந்து, பத்தேகால் வண்டிக்கு விசில் ஊதப் போவார். மடியில் நோட்டு, கையில் வாட்ச். வண்டிக்கு நேரம் எழுதுவது போல ஆரம்பத்துக்கும் எழுதினார். விசில் ஐந்தாவது செகண்டு. பூட்ஸ் ஒன்பதாவது. சக்கரம் இருபது. முப்பத்தோராவது செகண்டில் முகம், இரண்டு செகண்டு நிற்கிறது. முப்பத்து மூன்றில் கதவு.

"ரெண்டு செகண்டு மாப்ள. அதுக்குள்ள தழும்ப எப்படிப் புடிச்ச? எனக்குத் தெரிய மாட்டேங்குதே."

"கண்ணு அப்படி பாவா எனக்கு."

மூன்றாம் வாரம் அவர் கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தன் கண்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்குத் தெரிஞ்சிதா உனக்கு?" என்று மட்டும் கேட்பார். "ஆங், நல்லாவே தெரிஞ்சிது" என்பேன். வாரா வாரம் சொன்னேன்.

ஒரு ஞாயிறு கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு அம்மா அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, ராணுவத்துக்குப் போய்க் கடிதம் போடாத தன் தம்பி மாதிரியே இருக்கிறது என்று அழுதது. இன்னொரு நாள் ஆந்திராவிலிருந்து மொட்டை போட வந்த ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். தன் பங்காளியாம். நான் சிரித்தேன். பாவா சிரிக்கவில்லை. அன்று அவர் சொன்னதை இந்த மலரில் எல்லாரும் படிக்க வேண்டும்.

"இத எடுத்தவன் கெட்டிக்காரன் மாப்ள. முதல்ல காதப் புடிக்கறான். அப்புறம் காலக் காட்டறான். அப்புறந்தான் மூஞ்சி. நம்ம ரோட்டுல பஸ்ஸு வர மாதிரி. முதல்ல சத்தம், அப்புறம் புழுதி, கடைசியிலதான் போர்டு. போர்டு தெரியற வரைக்கும் எல்லாருக்கும் அது அவங்க அவங்க பஸ்ஸுதான். துணிமூட்டைய தூக்கிகினு எழுந்து நிப்பாங்க. இவன் போர்டக் காட்டவே மாட்டேங்கறான்."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் தழும்பு தெரிந்தது என்றுதான் சொன்னேன்.

தொடர் பாதி ஓடியிருக்கும். நாதமுனி அப்போது புத்தூர் ரூட்டில் ஓடிக்கொண்டிருந்தார். ஆந்திர எல்லை தாண்டினால் புத்தூர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு ஞாயிறு அவர் ஹாலுக்கே வந்து சொன்னார்.

"அண்ணே, புத்தூர்ல லாரி ஷெட்டாண்ட நம்ம செல்வம் மாதிரி ஒரு புள்ளைய பார்த்தேன். 'டேய் செல்வம்'னு கூப்புட்டேன். நின்னு பார்த்துட்டு உள்ள போய்ட்டான். ஒரு எட்டு போய்ப் பாருங்க."

பாவா எழுந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா மாப்ள சொல்ற?"

ஹாலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போய்ப் பாருங்கள் பாவா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் புத்தூரில் இருப்பது செல்வம் என்றால் பம்பாயில் நான் பார்த்தது யார்? பாஷா பாய் பெட்டிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே நின்றார்.

"புத்தூர்ல லாரி கழுவிகினு இருக்கறவன் பாம்பேல எப்படி பாவா டி.வி.ல வருவான்? தழும்பயே பார்த்தவன் நான் சொல்றேன். அது வேற புள்ள."

பாவா உட்கார்ந்துவிட்டார். பத்தேகாலுக்கு விசில் ஊதினார். அந்த வண்டிக்குப் பின்னால்தான் புத்தூர் வண்டி நின்றுகொண்டிருந்தது.

தொடர் முடிந்துபோனது. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் யாரோ பாட்டுப் பாடினார்கள். பாவா முப்பத்தோராவது செகண்டு வரை வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தார். அவர் லீவு எடுத்ததைப் பார்த்துக் கம்பெனியில் பயந்துவிட்டார்கள். அரக்கோணத்தில் பம்பாய் மெயில் ஏறினார். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம், நீ லாட்ஜப் பாரு" என்றார். அந்த ரயில் நிலையத்தில் பன்னிரண்டு நாள் நின்றார். டி.வி.யில் வந்த தூணைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாராம். தூணுக்குப் பக்கத்தில் நின்று, போகிற முதுகையெல்லாம் பார்த்தாராம். எத்தனையோ பேர் திரும்பிப் பார்த்தார்களாம்.

வந்த பிறகுதான், யாரிடமும் சொல்லாமல், புத்தூருக்குப் போனார். ஷெட்டுக்காரர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அவர் சொன்னதைப் பாவா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

"'மீ அப்பாயா நைனா?', உங்க புள்ளயான்னு கேட்டான். ஆமான்னேன். 'புருவத்துல தழும்பு இருக்கற புள்ளதானே, நல்ல வேலக்காரன், போன மாசம் ஒரு லாரியோட வடக்க போய்ட்டான். திருத்தணி டிரைவர் ஒருத்தர் என்னைப் பார்த்துட்டாரு, எங்க நைனா வருவாருன்னு சொல்லிகினு ரெண்டு மாசம் பஸ்ஸு வர நேரமெல்லாம் ரோட்டுல போய் நின்னான்'னு சொன்னான் மாப்ள."

நான் அப்போதும் விடவில்லை. "படம் புடிச்சது முன்னாடியே இருக்கும் பாவா. பாம்பேல இருந்துட்டு அப்புறம் புத்தூர் வந்திருப்பான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கும்" என்றார்.

அதன் பிறகு செல்வத்தைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. பாவா மூன்று வருஷம் விசில் ஊதினார். போன வருஷம் ஓய்வு பெற்றார். கண்டிகை வீட்டில் வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் வாட்சைப் பார்ப்பார்.

இறப்பதற்கு நான்கு நாள் முன்னால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மார்ச்சளி. பேச்சு குறைந்திருந்தது. நானே பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"மாப்ள, அந்தத் தழும்பு. எந்தப் பக்கத்துப் புருவத்துல பார்த்த?"

"எடது பக்கம் பாவா" என்றேன். யோசிக்கவே இல்லை.

"ஆங்" என்றார். கையை விட்டார். தலைமாட்டில் இருந்த வாட்சை எடுத்துச் சாவி கொடுத்தார். "பத்தேகாலுக்கு வண்டி இருக்குது. கிளம்பு. விட்டா ஒரு மணிக்குத்தான்" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வியாழக்கிழமை மாலை அவரை எடுத்தார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் இல்லை. என் மகன் வைத்தான். ஊர்வலத்தில் பஸ் ஸ்டாண்டே வந்திருந்தது. டிரைவர்கள் கண்டக்டர்கள் எல்லாரும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பாஷா பாய் கடையை மூடிவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது சரோஜா அண்ணனின் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அந்த நோட்டு இருந்தது. அதற்குள் செல்வத்தின் பள்ளிக்கூடப் போட்டோ. நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பிள்ளை நேராக நம்மையே பார்க்கிறான். தழும்பு இருக்கிறது.

வலது புருவத்தில்.

பத்தொன்பது வருஷம் என் மடியிலும் என் ஹாலிலும் மாமா மாமா என்று திரிந்த மருமகன். அவன் முகத்தை நான் ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை என்று அந்தப் போட்டோ சொல்லிற்று. பாவாவுக்கு அது நான்கு நாள் முன்னாலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அவர் என்னை வையவில்லை. வண்டி போய்விடப் போகிறது என்றுதான் கவலைப்பட்டார்.

இந்த மலரை நம் டிரைவர்கள் புத்தூர், சித்தூர், அதற்கு அப்பாலும் கொண்டுபோய் லாரி ஷெட்டுகளில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செல்வம், நீ படித்தால் வா. நைனா உன்னைத் தேடி வராமல் இருக்கவில்லை. வர விடாமல் செய்தவன் நான். நேரம் கடந்துவிட்டதே என்று நினைக்காதே. வீட்டுக்கு வர வேணாம் என்று சொன்னவரே உனக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பாவா, ஆயிரம் பேர் என்று நான் சொன்னது, அரக்கோணம் வரை விசில் கேட்டது என்று சொன்னது, ஐந்தே முக்கால் என்று எழுதியது எல்லாம் உங்கள்மேல் இருந்த ஆசையில் கூட்டிச் சொன்னவை. அவை இருந்துவிட்டுப் போகட்டும். போய் வாருங்கள். உங்கள் வண்டிக்கு ஊத எங்களில் யாருக்கும் தகுதி இல்லை, நீங்களே ஊதிக்கொண்டு புறப்படுங்கள். அந்தத் திரையில் நான் தழும்பு எதையும் பார்க்கவில்லை.